பிளைமவுத்தும் ஒற்றை மெட்டியும்

பெப்ரவரி 3, திங்கள்

காலையில் நல்ல குளிர். கண்டி மஹய்யாவ முழுக்கப் பனி. எட்டு மணிக்கு மேல்தான் எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது.

முடிவு செய்தாயிற்று. காரை விற்கிறேன். கொழும்பில் மனுப் போடாமல் என் புருஷனைத் தடுப்புக்காவலிலிருந்து வெளியே எடுக்க வழியில்லை என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். நாலு மாதம். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. செய்த குற்றம், முன்பின் தெரியாத ஒரு யாழ்ப்பாணத்து ஆளைக் கொழும்புக்கு ஹயர் கொண்டுபோனது. அந்த ஆளைத் தேடுகிறார்களாம். கிடைக்கவில்லை, இவர் கிடைத்தார்.

போன முறை பார்க்கப் போனபோது சொன்னது: “ராணி, எதை வேணும்னாலும் வித்துக்க. காரை மட்டும் தொடாதே.” எதை வேணுமானாலும் என்றால் வீட்டில் என்ன இருக்கிறது? என் தையல் மெஷின், இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. புருஷனைவிடக் காரா பெரிது?

காரின் பதிவுப் புத்தகம் என் பெயரில். 83 கலவரத்துக்குப் பிறகு அவரே மாற்றினார். ஆகவே என் கையெழுத்துப் போதும்.

இன்று: கார் கழுவல். க்ரோம் துடைக்கச் சாம்பல். பேப்பர் விளம்பரத்துக்கு எழுதிக் கொடுத்தது: “பிளைமவுத். எஸ்டேட் துரையிடம் வாங்கியது. பெரும்பாலும் கல்யாண ஹயருக்கு ஓடியது. எல்லாம் அசல்.” நீலமும் வெள்ளையும் அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் தலை வெளுத்துவிட்டது.

பெப்ரவரி 4, செவ்வாய்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து நஸீர் நானா வந்தார். கராஜ் வேலையை விட்டுவிட்டு, கூப்பிட்டவுடன். பெட்டரியும் அவரே கொண்டுவந்தார்.

“தங்கச்சி, இஞ்சின் தங்கம் மாதிரி ஈக்கி. பெட்டரிதான் மௌத்தாப் போச்சி.”

மூன்றாம் தரம் திருகியதும் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அழுகை வந்தது. நானா பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே எடுக்கவே இல்லை. நல்ல மனுஷன்.

அவர் போன பின் பின்சீட்டுக் கம்பளத்தைக் கிளப்பி டோர்ச் அடித்துத் தேடினேன். ஒரு பொத்தான், இரண்டு மல்லிகை நார், கல்யாண வீட்டு அட்சதை அரிசி. மெட்டி இல்லை. எத்தனையாவது தடவை! விற்ற பிறகு தேடவும் முடியாதே.

பெப்ரவரி 5, புதன்

தூக்கம் சரியில்லை. காரணம் நேற்றுத் தேடியது. எழுதிவிட்டால் மனது ஆறும்.

83 ஜூலை. தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்திய நாட்கள். நான் சிங்களக் கல்யாணங்களுக்கு ஜாக்கெட் தைப்பவள், வாடகைக்குக் கொடுக்க, சிங்கள மணப்பெண் கட்டும் ஒசரிச் சேலை ஒன்று எப்போதும் வீட்டில். அவர்தான் யோசித்தார். “நீ சிங்களப் பொண்ணு. நான் ஹயர் ட்ரைவர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போறோம்.” காருக்கு ரிபன் கட்டினார். டாஷ்போர்டிலிருந்த பிள்ளையாரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். நான் பொட்டை அழித்து, தாலியைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் செருகி, நெற்றிப் பட்டம் வைத்தேன். முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் மணப்பெண். பக்கத்து வீட்டு டீச்சர் தோழி. டீச்சரின் இரண்டு பிள்ளைகள் டிக்கிக்குள். அமெரிக்கன் டிக்கி, குடும்பமே நடத்தலாம்.

பாலத்தடியில் மறித்தார்கள். தடிகள், பெற்றோல் கேன். இவர் கண்ணாடியை இறக்கி, சிங்களத்தில், சலித்த குரலில்: “நெகத் நேரம் தப்பப்போகுது தம்பி. அவங்க என்னைத்தான் ஏசுவாங்க.” ஒருவன் பின்கதவைத் திறந்து குனிந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் கழற்றியவள் கால் மெட்டியை மறந்துவிட்டேன். ஒசரிக்குக் கீழே, தாலி கட்டிய தமிழச்சியின் கால்.

இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, வலது மெட்டியை இடது குதிகாலால் நெம்பித் தள்ளினேன். தோல் உரிந்தது, மெட்டி சீட்டுக்கடியில் எங்கோ உருண்டது. முகத்தைத் தூக்கவில்லை, மணப்பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பான். “விடு, நெகத் போகுது” என்று பின்னாலிருந்து யாரோ. கதவு மூடியது. வீடு கொளுத்த வந்தவர்களுக்கும் ஒரு பெண்ணின் நல்ல நேரத்தைக் கெடுக்கப் பயம்.

நஸீர் நானா வீட்டில் பதின்மூன்று நாள். எங்கள் வீடு அன்று மாலையே எரிந்தது. பிள்ளையாரும் சேர்ந்து.

அவர் புது மெட்டி வாங்கி வந்தார். நான் போடவில்லை. “அது கெடச்சாத்தான் போடுவேன்” என்றேன். அப்போதும் பிடிவாதம், இப்போதும். இடது கால் மெட்டி பவுடர் டின்னுக்குள் இருக்கிறது.

பெப்ரவரி 6, வியாழன்

விளம்பரம் வந்துவிட்டது. முதல் ஆள் ஒரு புரோக்கர். காரைச் சுற்றிக்கூட வரவில்லை. “இஞ்சினைக் கழட்டி வீசிட்டு ஜப்பான் டீசல் ஒண்ணு போட்டுறலாங்க்கா.” “முதல்ல ஒங்க தலையக் கழட்டி வேற போட்டுக்கிட்டு வாங்க” என்றேன். போய்விட்டான். எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம்.

ஜாக்கெட் இரண்டு வெட்டியாயிற்று. அரிசி, சவர்க்காரம் வாங்க மறந்தது.

பெப்ரவரி 8, சனி

கடுகண்ணாவையிலிருந்து விஜேரத்ன மாத்தயா. ஓய்வுபெற்ற சிங்களவர், பழைய கார் சேர்ப்பவர், குடையைச் சுருக்கி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். ஹோர்ன் அடித்துப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி முகம். டாஷ்போர்டில் பிள்ளையார் இருந்த வட்டத் தடத்தை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார்.  

“ஒரே ஒரு குறை நோனா. ஆஷ்ட்ரே திறக்க வரவில்லை.”

“அவர் சிகரெட் பிடிக்கிறதில்லை. திறந்ததே இல்லை” என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

ஏன் விற்கிறேன் என்று கேட்டார். மறைக்க மனமில்லை. அவரை உள்ளே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். திறந்திருந்த பானட்டை மெதுவாக மூடினார். பிறகு சொன்னார், “இஞ்சினை மாற்ற மாட்டேன். பெயின்டும் மாற்ற மாட்டேன்.” பேரம் பேசவும் இல்லை. பணம் சட்டத்தரணிக்குப் போதும். அது போதும் எனக்கு.

பெப்ரவரி 10, திங்கள்

கார் போயிற்று. பத்து மணி, வெயில். நஸீர் நானாவே ஓட்டிக்கொண்டு போனார், மாத்தயா பக்கத்தில். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். நசுங்கிய பழம் இப்போதும் வாசலில். கூட்டவில்லை.

கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். சாப்பிடவில்லை. ஜாக்கெட் ஒன்றுக்குக் கை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன்.

பெப்ரவரி 12, புதன்

விடிய நாலரை பஸ். கொழும்பு வரை ஐந்து தடவை இறக்கிச் சோதனை. சட்டத்தரணியிடம் கொடுத்தாயிற்று. மனு அடுத்த வாரம் போகும். எழுதி வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவரைப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம். மெலிந்திருந்தார். பத்து நிமிஷம்தான் என்பதால் சுற்றி வளைக்கவில்லை.

“காரை வித்துட்டேன். ஏசுறதுன்னா ஏசுங்க.”

ஏசவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

“ஆஷ்ட்ரே பாத்தியா?”

“அது தெறக்காதே.”

“தெறக்காது. நான்தான் உள்ள ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன்.” வலைக்குக் கிட்ட வந்தார். “ஒன் மெட்டி அதுக்குள்ளதான் இருக்கு ராணி. மறுவருஷம் பின்சீட்டு கழட்டுனப்ப கெடச்சிச்சு.”

 கோபம் வந்தது. அத்தனை வருஷமும் நான் டோர்ச்சும் கையுமாகத் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்!

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ எடுத்து மாட்டிக்குவ. பிள்ளையாரு எரிஞ்சு போனாரு. சாமி இல்லாத கார எப்பிடி ஓட்டுறது? அன்னைக்கு நம்மளக் காப்பாத்துன கார்ல அதுதான் சாமின்னு வச்சுக்கிட்டேன்.”

நேரம் முடிந்தது என்றான் காவலுக்கு நின்றவன். அவர் அவசரமாகச் சொன்னது: “க்ளவ் பொட்டிக்குள்ள கைய விடு. இடது பக்கம் ஸ்க்ரூ தலை தட்டுப்படும், அதக் கழட்டு.”

 “சாப்பிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் கண்டி வரை அழுதேன். பக்கத்துச் சீட்டு அம்மா தோடம்பழம் தந்தாள்.

நாளை முதல் பஸ்ஸில் கடுகண்ணாவை. ஸ்க்ரூ ட்ரைவர் பைக்குள் வைத்தாயிற்று. மாத்தயா என்ன நினைத்தாலும் சரி. எடுத்து வந்து பவுடர் டின்னுக்குள் மற்றதோடு போட்டு வைப்பேன். நானாகப் போட்டுக்கொள்ள மாட்டேன். முதல் தரம் போட்டவர் வந்து போடட்டும்.