முச்சனேட்டா போய் ஐம்பத்தொரு நாள்

டங்கம்வுரா, முட்டாரே
8 ஜூன் 2012

அன்பு மகள் ஷுவாய்க்கு,

நம் வழக்கப்படி "நீ நலமாயிருந்தால் நானும் நலம்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பேனாவை எடுத்து அதை எழுதப் போகும்போதுதான் உறைத்தது, நீ எப்படி இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாது, அப்புறம் நான் நலமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது. அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்த பிறகு நானே என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் குளிர் வந்துவிட்டது, மலையில் காலை பத்து மணி வரைக்கும் மூடுபனி விலகாமல் நிற்கிறது. குழாயில் தண்ணீர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அதுவும் எந்த நேரத்தில் என்று யாருக்கும் தெரியாது, அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு ஒரு நடை போய்வந்தால் அப்புறம் நான் எங்கேயும் போவதில்லை, வாளிகளோடு உட்கார்ந்திருப்பேன். சமையலறைக் கூரைத் தகரம் மறுபடியும் ஒழுகுகிறது. என் இடது முழங்கால் வியாழக்கிழமை சர்ச் மாதர் சங்கக் கூட்டத்தில் ஜெபத்துக்கு மண்டியிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, போன வாரம் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள், சங்கத்துச் சிவப்புச் சட்டை போட்ட மூட்டை மாதிரி நான் எழுந்தேன், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். சமையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஆளுக்கு சட்சாக் களி கிண்டுவது சமையலே இல்லை, பானையின் அடியில் ஒட்டுவதற்கே மாவு சரியாகப் போய்விடுகிறது. முன்பு அந்த அடிப்பிடித்ததைச் சுரண்டிப் போட நம் நாய் முச்சனேட்டா இருந்தது.

ஷுவாய், முச்சனேட்டா செத்துப்போய்விட்டது. ஏப்ரல் பதினெட்டு, நம் நாட்டுச் சுதந்திர தினத்தன்று. இன்றைக்கு ஐம்பத்தொரு நாள். காலையில் கஞ்சி ஊற்றினேன், முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது, குடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் அணிவகுப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் கேட்டருகில், நீ கிளம்பிப்போன அன்றிலிருந்து படுக்கும் அதே இடத்தில், மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. கூப்பிட்டேன். பதினாலு வருடத்தில் கூப்பிட்டு வராதது அன்றைக்குத்தான். வலி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன், வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட ஸ்வெட்டருக்குள் ஒளித்து நீ கொண்டுவந்தபோது உன் அப்பா எப்படிக் குதித்தார் என்று நினைத்துப் பார்த்தேன். குதித்துவிட்டு, சாயங்காலம் அவரே பெயரும் வைத்தார். நாய்க்குப் பெயர் வைப்பது நாய்க்காகவா, அக்கம்பக்கத்துக்குக் கேட்பதற்குத்தானே. எல்லையில் நிற்கும் வெண்ணெய்ப்பழ மரம் யாருடையது என்று பக்கத்து வீட்டு மாய் செஞ்செராயோடு நமக்குச் சண்டை நடந்த வருடம் அது. "முச்சனேட்டா" என்று வைத்தார், "நீங்கதான் களைச்சுப் போவீங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கம் தினமும் பத்துத் தரம் கேட்கட்டும் என்று. அந்த அம்மாள் சும்மா இருப்பாளா, அடுத்த மாதமே ஒரு நாய் வாங்கி "டிச்சாவோனா" என்று வைத்தாள். "பார்க்கலாம்"! இரண்டு வீடும் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் பதினாலு வருடம் நாய்களைக் கூப்பிட்டே சண்டை போட்டோம்.

அன்றைக்கு மண்வெட்டியோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது அவள்தான். சாவு வீட்டுக்கு வருகிறவள் மாதிரி தலையில் துணி கட்டி, கையைக் குவித்துத் தட்டி, தரையில் உட்கார்ந்தாள். நாய்க்கு யாரடி அப்படி உட்காருவார்கள், எனக்கே வெட்கமாகிவிட்டது. "பதினாலு வருஷமா உன் நாய் என்னைத் திட்டிக்கிட்டிருந்துச்சு, இனிமே என்னை யாரு திட்டுவா?" என்றாள். இரண்டு பேருமாக அந்த மரத்தடியிலேயே குழி வெட்டினோம். பாதி அவள் பக்கம், பாதி நம் பக்கம். மண் போட்டு மூடும்போது நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, ஷுவாயின் அம்மா என்றே என்னைக் கூப்பிட்டு, "ஏய் மாய் ஷுவாய், உண்மையச் சொல்லு, நாய்க்கா அழுவுற, பொண்ணுக்கா அழுவுற?" என்று கேட்டாள். மூஞ்சியில் மண்ணை அள்ளிப் போடலாம் போலிருந்தது. அள்ளிய மண்ணைக் குழியிலேயே போட்டேன்.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. முச்சனேட்டா போன பிறகு மூன்று நாள் நான் எனோக்கின் இன்டர்நெட் கடைக்குப் போகவில்லை, ப்ளாக்கில் எதுவும் எழுதவில்லை. போன வருடம் ஜனவரியில் அதை நீதான் ஆரம்பித்துக் கொடுத்தாய், "அம்மா, போன்ல எல்லாத்தையும் கேக்க நேரமில்ல, நீ தினமும் எழுதும்மா, நான் வேலை முடிஞ்சு பஸ்ல வரும்போது படிச்சுக்கறேன்" என்று. கோர்ட்டில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவளுக்கு அது ஒரு வேலையா. தினமும் காலையில் எனோக் கடை திறந்ததும் போய் அவனுடைய கம்ப்யூட்டரில் உட்காருவேன். தண்ணீர் வந்ததா, யார் வீட்டில் கல்யாணம், முச்சனேட்டா இன்றைக்கு யாரைப் பார்த்துக் குரைத்தது, எல்லாம் எழுதுவேன். எழுதிவிட்டு முந்தின நாள் எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கைப் பார்ப்பேன். உலகத்துக்கா எழுதுகிறேன், உனக்குத்தானே. ஆரம்பத்தில் தினமும் இரண்டு என்று இருக்கும். செப்டம்பருக்குப் பிறகு ஒன்று. உனக்கு வேலை கூடியிருக்கும், முன்பு இரண்டு தரம் படித்தவள் இப்போது ஒரு தரம் படிக்கிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். உன் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் குரல் சொன்ன பிறகும் நான் அவ்வளவாகப் பதறவில்லை. அந்த ஒன்று இருக்கிறதே, அது என் பிள்ளை, உயிரோடு இருக்கிறாள், பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று இருந்தேன்.

முச்சனேட்டா போன நாலாம் நாள் கடைக்குப் போய்ப் பார்த்தால், நான் எழுதாத மூன்று நாளும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எழுதாததால் நீ வரவில்லை என்று நினைத்தேன். அப்போதே நாய் செத்துப்போனதை எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை ஷுவாய். செப்டம்பர் நாலாம் தேதி போனில் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு மறக்கவே மறக்காது. "நாய்கூட ஆறு வருஷமா உனக்காக வாசல்ல கிடக்குது, உன்னப் பெத்த அப்பன் சாவுக்குக்கூட நீ வரல" என்றேன். தங்குவதற்கான அரசாங்கக் காகிதம் இல்லாமல் அந்த நாட்டில் இருக்கிறவள் வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். மக்காச்சோளத்தைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் எதை வைத்து அள்ளுவது. நீ அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, "முச்சனேட்டா எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டாய். நல்லா இருக்கு என்றேன். கட்டாகிவிட்டது. நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்த நாயைத்தான், அதுவும் செத்துப்போனது என்று எழுதினால் இந்த வீட்டில் உனக்குக் கேட்க என்ன மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. அதனால் பொய் எழுதினேன். "இன்றைக்கு முச்சனேட்டா தண்ணீர் வண்டிக்காரனைத் தெருமுனை வரை விரட்டியது" என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் ஒன்று! எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அப்புறம் விடவே இல்லை, கிட்டத்தட்ட ஐந்து வாரம், செத்த நாயைத் தினமும் எழுப்பிச் சாப்பாடு போட்டேன், குளிப்பாட்டினேன், பூனையைத் துரத்த விட்டேன். ஒரு நாள் குட்டி போடப்போகிறது என்றுகூட எழுதிவிட்டு, பதினாலு வயதில் ஏதடி குட்டி என்று அழித்தேன். எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது எதுவும் வந்து காலில் மோதாது. அந்தப் பொய் அங்கேயே முடிந்துவிடும்.

போன மாதம் இருபத்தாறாம் தேதி எனோக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெருமையாக, "பாத்தியா, என் பொண்ணு ஒரு நாள்கூட விடறதில்ல" என்று அந்த ஒன்றைக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்தான். "அம்மா, எழுதி முடிச்சதும் ஒரு தரம் திறந்து படிச்சுப் பாப்பீங்களே, அதுவும் இதுல ஏறும்" என்றான். "ஏறுனா?" என்றேன். "அந்த ஒண்ணு நீங்கதாம்மா" என்றான். கோர்ட்டில் ஒரு தாளைக்கூட சரிபார்க்காமல் நான் மேலே அனுப்பியதில்லை, உனக்குத் தெரியும், அந்தப் பழக்கம். ஒரு எழுத்துப்பிழை இருந்தால் என் மகள் சிரிப்பாள் என்று தினமும் திறந்து ஒரு தரம் படிப்பேன். ஒன்பது மாதமாக நான் எழுதியதை நானே படித்து, நானே என்னைப் பார்த்து நீ நலம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம் மற்றதும் தானாகப் புரிந்துவிட்டது. முன்பு இரண்டாக இருந்ததில் ஒன்று நான், ஒன்று நீ. உன்னுடைய ஒன்று செப்டம்பர் நாலாம் தேதியோடு நின்றுபோயிருக்கிறது. பழைய கணக்கைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம், தேதி மாறவில்லை. எனோக் பாவம், தேநீர் வாங்கிக் கொடுத்தான், ஏதோ அவன்தான் தப்புச் செய்தவன் மாதிரி.

நான் திறந்தால் ஏறாதபடி அவன் ஏதோ மாற்றி வைத்திருக்கிறான். அன்றைக்கே, நாய் செத்துவிட்டது, நான் பொய் எழுதினேன், நான் பேசிய பேச்சுக்கு என்னை மன்னித்துவிடு என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டேன். பதின்மூன்று நாளாகப் பூஜ்யம். நீ கோபத்தில் படிக்காமல் இருக்கிறாயா, உன்னைப் பிடித்து எங்கேயாவது அடைத்துவிட்டார்களா, படுத்த படுக்கையாகக் கிடக்கிறாயா, அதற்கும் மேல் என்னவோ, அதை நான் எழுத மாட்டேன். கோபம் என்றால் நான் ஒரு கோழி அறுத்துக் கொண்டாடுவேன். அவ்வளவு நல்லது எனக்கு நடக்கும் என்று தோன்றவில்லை.

மாய் செஞ்செராய் ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள், டிச்சாவோனாவின் பேரக்குட்டி. "வச்சுக்கோ, வச்சு நல்லா என்னைத் திட்டுற மாதிரி ஒரு பேரா வை" என்றாள். மூக்கு அப்படியே நம்முடையது மாதிரி கறுப்பு, மடியில் மூத்திரம்கூடப் பெய்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளோடு எனக்கு இனி என்ன சண்டை. நாய்க்குப் பெயர் வைத்து வாசலில் நின்று கூப்பிட்டால் வேலி வரைக்கும்தான் கேட்கும். நான் சொல்ல வேண்டியவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் எத்தனை நாய் வேண்டுமானாலும் வளர்ப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ அனுப்பிய பார்சலில் ஒட்டியிருந்த லெஸ்டர் நகரத்து விலாசம்தான் என்னிடம் இருப்பது. அதே வீட்டில் நீ இருப்பாய் என்று நம்பி எழுதவில்லை. காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. நீ வேலை செய்யும் அந்த முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு, இல்லாவிட்டால் என் வயதில் என்னைப் போலத்தான் எழுந்திருப்பாய். யாரிடமும் காகிதத்தைப் பற்றி வாய் விடாதே. நம் ஷாவா குலத்து முன்னோரும், மேலே இருக்கும் உன் அப்பாவும், ஆண்டவரும் உன்னைச் சுற்றி நிற்கட்டும். பதில் எழுத வேண்டாம் மகளே, வருகிறேன் என்று சொல்ல வேண்டாம், மன்னித்தேன் என்றும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு தரம் அதைத் திற, படிக்காமலேயே மூடிவிடு. எனோக் தினமும் காலையில் பார்த்துச் சொல்கிறான். ஒன்று என்று சொன்னால் போதும், நானும் நலமாக இருப்பேன்.

ஒரு விஷயம். ப்ளாக் போய்ச் சேராவிட்டால் அது திரும்பி வந்து சொல்லாது. கடிதம் சொல்லும். அதற்காகத்தான் காகிதத்தில் எழுதினேன். உறையின் பின்னால் நம் வீட்டு விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், நீ அங்கே இல்லை என்றால் இது திரும்பி இங்கே வந்துவிடும். முன்பெல்லாம் தபால்காரன் சைக்கிள் தெரு திரும்பும்போதே முச்சனேட்டா குரைத்துச் சொல்லிவிடும். இனி நான்தான் கேட்டருகில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தத் தெருவே உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும் உன் அம்மா,
மாய் ஷுவாய்