வாய்க்குள் போன பேரீச்சம்பழம்

அன்பு மகள் தக்ரீத்துக்கு, கரக்கிலிருந்து வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அந்தப் பனி ஊரில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நானும் உன் உம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை பொய் எழுத மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் ஆள் நிறைகிற வரைக்கும் ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டாலே உன் உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் இன்று ராத்திரி உன் ஊருக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டு டீச்சர் மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளை உண்டானதை ஃபோனில் சொன்ன அன்றைக்கே நீ, பிரசவம் ஆனதும் வந்து என் கிட்னியைத் தருகிறேன் உம்மா என்று சொன்னாய் அல்லவா, அதைக் கேட்டதிலிருந்து, கிட்னி இரண்டும் கெட்டுப்போன உன் உம்மா சரியாகத் தூங்கவில்லை. பெத்த புள்ளை வயித்தக் கீறித்தான் நான் உசிரோட இருக்கணுமா, அதுக்கு என்னைக் குழியில வெச்சிடுங்க என்கிறாள். நானும் உன் மாமா ஷிப்லியும் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. ஷிப்லிக்குச் சர்க்கரை, அவன் கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரியிலோ சொந்தபந்தம் தவிர யாரிடமும் வாங்க மாட்டார்கள், ரத்த உறவு வேண்டும், இல்லாவிட்டால் கட்டினவனாக இருக்க வேண்டும். ஆக மிஞ்சினவன் நான்தான், ரத்தமும் பொருந்திவிட்டது. முதலில் சிகரெட்டை விடுங்கள் என்று டாக்டர் ஹனான் சொன்னார். மீசை முளைத்த நாளிலிருந்து ஊதியவன் நான், ஒரு கையில் ஸ்டியரிங் ஒரு கையில் சிகரெட் என்றே தலைநகர் அம்மானுக்கும் கரக்குக்கும் பஸ் ஓட்டியவன். அன்றைக்கே பாக்கெட்டை ஜன்னல் வழியாக வீசினேன். அண்ணே அது என் பாக்கெட்டு என்று கண்டக்டர் கத்தினான். அதோடு விட்டேன் மகளே, இன்றுவரை தொடவில்லை, இதை மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா. சூரியகாந்தி விதை, எள்ளு ரொட்டி, அம்மான் ஸ்டாண்டில் சுடச்சுடப் பாகு ஊற்றித் தருகிற குனாஃபா என்று புகைக்குப் பதிலாக எல்லாமே உள்ளே போனது. சில மாதத்தில் ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவில் வயிறு வந்து உட்கார்ந்துவிட்டது. ஊருக்கு ஒரே சந்தோஷம். இப்பத்தான்யா ஆளு ஆரோக்கியமா இருக்கே, மாஷா அல்லாஹ் என்று கன்னத்தைத் தட்டுகிறார்கள், நம் ஊரில் ஆரோக்கியம் என்றாலே தொப்பைதானே. டாக்டர் ஹனான் மட்டும் எடை மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிட்னி குடுக்க வந்தீங்களா வாங்க வந்தீங்களா என்று கேட்டார். இந்த உடம்போடும் ரத்தக் கொதிப்போடும் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சிகரெட்டை விட்டதால்தான் இந்தக் கதி, மறுபடி பிடித்தால் கரைந்துவிடாதா டாக்டர் என்று கேட்டேன். அந்தம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கொடுப்பதற்காக விட்டேன், விட்டதால் கொடுக்க முடியாமல் நிற்கிறேன், இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது சொல்.

சரி, நடப்போம் என்று கோட்டையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். பஸ் ஓட்டுகிறவன் ரோட்டில் நடந்தால் இந்த ஊர் விடுமா. போகிற வண்டியெல்லாம் நின்றது. வண்டி ரிப்பேரா அபூ தக்ரீத், ஏறுங்க ஏறுங்க என்று உன் பேரால் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்கள், வேண்டாம் என்றால் நாங்க என்ன அந்நியமா என்று முகம் சுருங்கியது. நடக்கப் போன நாளெல்லாம் காரில்தான் திரும்பி வந்தேன். அதற்குமேல் உன் மாமா மகன் கல்யாணம் வந்தது. மன்சஃப் தட்டைச் சுற்றி நின்றோம், தயிரில் வெந்த ஆட்டுக்கறியை ஷிப்லி தன் கையாலேயே பிய்த்துப் பிய்த்து என் முன்னால் போடுகிறான். போதும் என்றேன். மச்சான், இதை நீங்க சாப்பிடலேன்னா என் பொண்டாட்டிக்குத் தலாக் என்று ஆணை போட்டுவிட்டான். இங்கே ஆண்கள் விருந்தாளிக்குச் சோறு போட இப்படித்தான் பெண்டாட்டியைப் பணயம் வைக்கிறோம், நானும் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறேன். அவன் குடும்பம் கெடக் கூடாது என்று தின்றேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவன் வீட்டில் விருந்து, மறுபடியும் தட்டு, மறுபடியும் அவன் வாய் திறக்கிறது. எனக்கு என்ன வந்ததோ, முந்திக்கொண்டேன். ஆபரேஷன் முடியறவரைக்கும் வெளி வீட்டுச் சோறோ பண்டமோ என் வாயில பட்டா என் பொண்டாட்டி ரஸ்மிய்யாவுக்குத் தலாக் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். தட்டைச் சுற்றி நின்ற கைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

பெண்கள் இருந்த அறையிலிருந்து உன் உம்மா வெளியே வந்தாள். ஏன் மனுஷா, கிட்னி குடுக்கறேன்னு சொல்லிட்டு என்னையே பந்தயத்துல கட்டிட்டீங்களா என்றாள். வீடு வரைக்கும் பேசவில்லை, வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. ஆனால் ஆணை வேலை செய்தது மகளே. கரக்கில் ஒருவனும் எனக்குக் காப்பிகூட நீட்டவில்லை. போய்யா, உன் குடும்பம் என் கப்புல உடைய வேணாம் என்று டீக்கடைக்காரன் துரத்தினான். வண்டிகளும் நிற்பதை விட்டுவிட்டன, என்னை ஏற்றினால்கூடத் தலாக் ஆகிவிடும் என்று எவனோ கதை கட்டியிருக்கிறான். நடந்தேன், வீட்டில் உன் உம்மா அவித்த பயறைத் தின்றேன், பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டேன். டாக்டர் ஹனான் முதல் தடவையாகச் சிரித்தார், இன்னும் கொஞ்சம் என்றார். உன் உம்மாவும் மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கண்டக்டரின் தகப்பனார் மவுத்தாகிப் போனார். துக்கம் விசாரிக்கப் போய் உட்கார்ந்தேன். துக்க வீட்டில் தட்டு சுற்றி வரும், பேரீச்சம்பழமும் கசப்புக் காப்பியும், கை தானாகப் போகும், யார் யோசித்து எடுக்கிறார்கள். அவன் தகப்பனுக்கு துஆ கேட்டுக்கொண்டே இருந்தவன் குனிந்து பார்க்கிறேன், கையில் கொட்டை இருக்கிறது, வாயில் இனிப்பு இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே. அவள் என் மனைவி இல்லையென்றால் அவள் கையை நான் தொடலாமா, அவள் என் மனைவி இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் என் கிட்னியை எந்த முறையில் வாங்குவார்கள். ஷேக்கிடம் போய்க் கேட்கவும் பயம், ஆமாம் முறிந்தது என்று சொல்லிவிட்டால் அதோடு அவள் உயிருமல்லவா போச்சு. முதுகு வலி என்று சொல்லி மாடியில் படுத்தேன். டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வருகிறவளை வண்டியில் ஏற்றக் கை கொடுக்காமல் நின்றேன் மகளே, நர்ஸ் என்னை மனுஷனா நீ என்பது போலப் பார்த்தாள். உன் உம்மா வேறு ஒன்றை நினைத்துக்கொண்டாள். என் சட்டைகளை எடுத்து மோந்து மோந்து பார்த்தாள். மறுபடி ஊதறீங்க, அதான் கிட்ட வர மாட்டேங்கறீங்க, என்மேல அவ்வளவுதானா உங்களுக்கு என்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது. சொல்லிவிட்டேன், பழத்தைத் தின்றுவிட்டேன் ரஸ்மிய்யா என்று. கொட்டையத் துப்புனீங்களா என்றாள். துப்பினேன் என்றேன். அப்ப பாதித் தலாக்தான் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சால்வையை எடுங்க, ஷேக் வீட்டுக்குப் போவோம் என்று எழுந்தாள்.

ஷேக் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இவங்களை விட்டுப் பிரியணும்னு நெனச்சா சொன்னே என்று. பிரியறவன் எதுக்கு ஷேக் உடம்பக் கீறிக் குடுக்க நிக்கறேன், இவ இருக்கணும்னுதானே சொன்னேன் என்றேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. அப்படீன்னா அது வெறும் சத்தியம், முறிச்சதுக்குப் பத்து ஏழைக்குச் சோறு போடு, நிக்காஹ் நிக்குது, ஆனா இனிமே அந்தம்மா பேரைச் சோத்துத் தட்டுல வெச்சு விளையாடாதே என்று திட்டி அனுப்பினார். உன் உம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் சமைத்தேன். பயத்தில் உப்பின் அளவுகூடப் பார்க்கவில்லை. பத்துப் பேரும் தின்றுவிட்டுத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார்கள், உன் உம்மா வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு இந்தக் கடிதத்தை முடித்திருப்பேன். நேற்று அவள் கையில் டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற நரம்பு அடைத்துக்கொண்டது. மற்றக் கையிலும் வழியில்லை என்று கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள், தலையைத் திருப்ப முடியாமல் படுத்திருக்கிறாள். குழாயை ரொம்ப நாள் நம்ப முடியாது, சீக்கிரம் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை என்னை எடை போடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை எங்கே கழற்றி வைப்பேன் என்று தெரியவில்லை. காலையும் மாலையும் நடக்கிறேன், பஸ் நிற்கிற நேரமெல்லாம் பஸ்ஸைச் சுற்றி நடக்கிறேன், ஏறுகிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி தெரிகிறது, தெரியட்டும். நீ டிக்கெட் எடுக்காதே, டெஸ்ட் எதுவும் எடுக்காதே, இந்த நிலைமையில் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தாலே அவள் தாங்க மாட்டாள். திங்கட்கிழமை வரைக்கும் பொறு. நிச்சயம் குறைஞ்சிடுவீங்களா வாப்பா, சத்தியம் பண்ணுங்க என்று நீ கேட்பாய். பண்ண மாட்டேன் மகளே. சத்தியம் பண்ண என்னிடம் இருந்தது அவள் ஒருத்திதான்.

அல்லாஹ் உன் பிரசவத்தை லேசாக்கித் தருவானாக, உன் பிள்ளை உன் உம்மா மடியில் தவழட்டும். ஃபோன் பண்ணும்போது சாப்பிட்டீங்களா என்று மட்டும் என்னைக் கேட்காதே. பஸ் நிறைந்துவிட்டது, ஹார்ன் அடிக்கச் சொல்கிறார்கள்.

உன் வாப்பா,
இந்த நிமிஷம் வரைக்கும் ரஸ்மிய்யாவின் புருஷன்,
முஃப்லிஹ்