ஒன்றை மூடி எண்ணியபோது

பாலக்கரை, திருச்சி
11.8.2024

அன்புள்ள இளவேனிலுக்கு,

சுராயா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். அத்தாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. காந்தி மார்க்கெட் வரை தனியாக நடந்து போய் வருகிறார்.

ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய மெயில் கிடைத்தது. நம் பிணைந்த ஒளித்துகள் சோதனையை வேறு யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை, கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகை விளக்கம் கேட்கிறது, அளவுகள் சரிதான் என்று நான் ஒரு வரி எழுதினால் போதும் என்கிறாய். மூன்று வருஷத்தில் நீ எனக்கு எழுதிய முதல் மெயில் இது.

லேபில் அந்தச் சோதனை மேசையை அமைத்தவள் நான். லேசர் படிகத்தில் பட்டு, ஒளித்துகள்கள் ஜோடியாகப் பிறந்து, ஆளுக்கொரு பக்கம் போய் இரண்டு கருவிகளில் ஒரே கணத்தில் பதிவாக வேண்டும். அத்தாவுக்கு ஆபரேஷன் என்று மூன்று வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதற்குள் ஜோடிகள் குவிகின்றன என்று நீ போன் செய்தாய்.

திரும்பி வந்த அன்றே ஒரு கருவியைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு எண்ணினேன். அப்போதும் ஜோடிகள் வந்துகொண்டே இருந்தன. அது ஒளியே இல்லை. ஒரு கேபிளின் மின்துடிப்பு பக்கத்துக் கேபிளுக்குத் தாவியிருக்கிறது. உன்னிடம் சொல்லத்தான் ஓடி வந்தேன். கட்டுரையை அனுப்பிவிட்டேன் என்றாய். அதில் என் பெயர் இல்லை. ஏன் என்றதற்கு, “நீதான் லேபிலேயே இல்லையே” என்றாய். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். அச்சாகட்டும், வேலை கிடைக்கட்டும், எவ்வளவு உயரம் போவாயோ போ என்று காத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, கருவியை மூடி எண்ணிய அன்று நான் எழுதிவைத்த குறிப்புகளைத் தேதியோடு அந்தப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். தெரிந்தும் மூன்று வருஷம் சும்மா இருந்தேன் என்பதையும் எழுதினேன். என் கல்லூரி வேலைக்கும் ஆபத்துதான். உன்னை விழவைக்க நானும் விழ வேண்டுமென்றால் விழுகிறேன்.

நேற்று ஸ்ரீரங்கம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். பேப்பரில் வந்த உன் போட்டோவை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார். “ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சீங்க, உன் பேரு ஏம்மா இதுல இல்ல?” என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட வாய் வரை வந்தது. இளாவைக் கேளுங்கம்மா என்று மட்டும் சொன்னேன். இரக்கப்பட்டு அல்ல. நான் சொன்னால் அவர் நம்பாமல் இருந்துவிடலாம். நீ சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

அதனால் மற்றவர்கள் சொல்வதற்குள் நீயே சொல்லிவிடு. நான் கேட்பது இது ஒன்றுதான். இப்போது அவருக்கு முழங்கால் சரியில்லை. போன் இருக்கும் அறைக்கு எழுந்து வர நேரமாகிறது. நாலு தடவை மணி அடித்ததும் போனை வைத்துவிடாதே.

இறைவன் உனக்குத் தைரியம் தரட்டும்.

இப்படிக்கு,
சுராயா