பனி கொட்டிய அன்று பால் காய்ச்சினோம்

பலெர்மோ,
03.01.2015

அன்பு மகள் நிலக்ஷிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் தம்பி பிரணவனும் நானும் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் மருமகனும் அப்படியே இருக்கவேண்டும் என்று கும்பிடாத நாளில்லை. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம். எங்களுக்கு இத்தாலிப் பாஸ்போட் கிடைத்ததிலிருந்து லண்டனுக்கு வந்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய், அறையும் பார்த்து வைத்திருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லுமுன் முப்பத்தோராம் திகதி நடந்ததைக் கேள்.

அன்று பலெர்மோவில் பனி கொட்டியது. வியா மக்வேதாவில் கடைக்காரர்கள் கடையை விட்டுவிட்டுத் தெருவில் நின்று படம் எடுத்தார்கள். லிபெர்த்தாப் பகுதியில் நான் பராமரிக்கிற வயதான சின்யோராவைத் தனியே விட்டுவிட்டு அவரின் மகன் மலைக்குப் பனியில் சறுக்கப் போயிருந்தான். பாதை மூடிவிட்டது, இரவு அம்மாவோடு தங்கு என்று போனில் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். வருசக் கடைசியில் வேலைக்காரிக்கும் ஒரு குடும்பம் இருக்கும் என்பது இந்தப் பெரிய வீட்டுக்காரர்களின் மண்டையில் ஏறுவதில்லை. பகேரியாவிலிருந்து தயானி மாமி குடும்பம் வருகிறது, தங்கமாட்டேன், வேண்டுமானால் உங்கள் அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவன் யோசிக்க, சின்யோரா போனைப் பறித்து, நான் போகிறேன், நீ பனியில் விளையாடு என்று வைத்துவிட்டார். நடக்கமாட்டாதவரை அப்பாவும் மாமாவும் சக்கரக் கதிரையோடு தூக்கி எங்கள் வீட்டுப் படியேற்றினார்கள். சரிக்காதே, ஆட்டாதே என்று சிசிலிப் பாஷையில் வழிநெடுக அவரின் திட்டு. அப்பா தமிழில் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

சாப்பாடு ஆகும் நேரம் தயானி மாமி தொடங்கினாள். "மச்சாள், சின்யோராவே வந்திட்டா, இந்த வீட்டிலை இன்னும் பால் காய்ச்சேல்லை, வெக்கமாயில்லையோ?" உண்மைதான். குடிவந்தபோது வேண்டாம் என்றவள் நான், விட்டுப்போகிற வீட்டுக்கு எதற்குப் பால் காய்ச்சுவது என்று. அன்று மறுக்க வாய் வரவில்லை. விளக்கேற்றி, புதுச்சட்டியில் பாலை வைத்து, பொங்கி வழியட்டும் என்று எல்லோரும் சுற்றிநின்றோம். பால் விளிம்புக்கு ஏறியதுதான் தாமதம், அடுப்படியில் இருந்த சின்யோரா எட்டி காஸை நிறுத்திவிட்டார். இத்தனை பேர் நிற்கிறீர்கள், ஒருவருக்கும் கண்ணில்லையா என்று ஏச்சு வேறு. நாங்கள் "ஐயோ" என்று கத்தக் கத்தப் பால் அடங்கிவிட்டது. தயானியின் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது மகள். விட்டுப்போகிற வீடென்றால் எனக்கு ஏன் அழுகை வரவேண்டும்?

வழிந்தால்தான் வீடு நிறையும் என்று தம்பி அவருக்கு விளங்கப்படுத்தினான். அதற்கு இந்தத் துளிப் பால் எப்படிக் காணும் கஞ்சர்களே என்று இன்னும் ஊற்றச்சொல்லி, தானே அடுப்பை மூட்டினார் சின்யோரா. பால் நாலு பக்கமும் வழிந்தது. முதலில் கைதட்டியது அவர்தான். துடைக்கப்போன என்னை அப்பா, "கிடக்கட்டும், விடப்பா" என்று மறித்தார்.

அடுத்தநாள் சின்யோராவின் மகன் வந்து மூக்கைச் சுளித்தான், இப்படியான தெருவுக்கா அம்மாவைக் கொண்டுவந்தாய் என்று. இந்தத் தெருக்காரர்தான் உங்கள் அம்மாக்களைக் குளிப்பாட்டுகிறோம் என்றேன். தாயின் கோட்டை எடுத்து மாட்டிவிட்டான்.

ஆகையால் மகள், நாங்கள் லண்டனுக்கு வரவில்லை. உன்மேல் பாசம் குறைந்து அல்ல. ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து எங்கே இருந்தாலும் அடுத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு மொழி படித்து, புதிதாக ஒருவர் வீட்டைத் துடைக்க இனி என்னால் ஏலாது. தம்பிக்கும் சிநேகிதரெல்லாம் இங்கேதான். அந்த அறையை விட்டுவிடு. கோபமென்றால் கோபித்துவிட்டுப் போன் எடு, எடுக்காமல் மட்டும் இருக்காதே. சித்திரைக்கு இருவரும் வாருங்கள், அம்மா வாடகைக்கு இருக்கும் இடத்துக்கு அல்ல, அம்மா வீட்டுக்கு.

நல்லூர்க் கந்தன் உங்கள் இருவரையும் கைவிடமாட்டான். இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடு, வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு ஓடாதே.

இப்படிக்கு,
இனி எங்கும் போகாத உன் அம்மா,
ம. ஞானம்பிகை