ஆளுக்கொரு பீட்சா

நேப்பிள்ஸ்,
6 மார்ச் 1955

என் அனியெல்லோவுக்கு,

சுகமா? அண்ணனின் பீட்சாக் கடை அடுப்பில் வெந்து என் முகம் கருத்துவிட்டது. நான் அங்கே துறைமுகத்தில் இறங்கும்போது கல்யாணப் போட்டோவில் இருக்கிற பெண்ணைத் தேடாதே. ஈஸ்டருக்குள் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாய். எந்த ஈஸ்டர் என்று நான் கேட்டேனா? வாடகை அறையில் நீ தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அமெரிக்காவில் பீட்சா எப்படி என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். எழுது.

உன் நுன்சியா

நியூவார்க்,
27 மார்ச் 1955

அன்பு நுன்சியா,

சிரிக்காதே. இங்கே பீட்சா வண்டிச் சக்கரம் அளவு; வெட்டிப் பங்கு போட்டுத்தான் தின்கிறார்கள். தக்காளியை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாவே தெரியாமல் சீஸை அப்பி, மேலே இறைச்சி வேறு. நான் வேலை செய்யும் கடையில் நம் ஊர் மாதிரி மெல்லிசாக, நடுவில் ஈரமாகப் போட்டுக் கொடுத்தேன். "என்னய்யா, பாதி வெந்தத குடுக்கற?" என்று முதலாளி கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போனேன். வெட்டி மேஜையில் வைத்ததுதான் தாமதம், ஆளுக்கொரு பக்கம் பிடுங்கியதில் எனக்கு ஒரு துண்டுதான் மிஞ்சியது. விசா இன்னும் தாமதமாகும். பொறுத்துக்கொள்.

அனியெல்லோ

நேப்பிள்ஸ்,
14 ஏப்ரல் 1955

அனியெல்லோ,

உன் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். சீஸ் கதைக்கு எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். "வெட்டிப் பங்கு போடறதா? நம்ம ஊர்ல ஆளுக்கு ஒண்ணு! என் தட்டுல எவன் கை வைப்பான்?" என்றான் அண்ணன். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நீ ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதிய இடத்துக்கு வந்தேன். அந்த வரிகளை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டேன்.

தனியாக இருப்பவன் மேஜையில் பிடுங்கிய கைகள் யாருடையவை? கடைக்கூட்டாளிகள் என்று எழுது, நம்பிவிடுகிறேன்.

நுன்சியா

நேப்பிள்ஸ்,
2 அக்டோபர் 1955

அனியெல்லோ,

கோடை முழுக்கத் தபால்காரர் என்னைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். ஒரு பொய் எழுதக்கூட உனக்கு மனம் வரவில்லை. பாதிரியாரிடம் போனேன். "விவாகரத்துங்கறதே நம்ம நாட்டுல இல்லையேம்மா" என்றார். புருஷனும் இல்லை, விடுதலையும் இல்லை. எனக்கு வயது இருபத்தாறு.

நேற்று அண்ணன், "மாப்ள என்னதான் சொல்றாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். "விசா வந்துருச்சாம்" என்றேன். கடையே கைதட்டியது. ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. இனி இவர்கள் முன்னால் என்னால் அழவும் முடியாது.

நுன்சியா