சுற்றி வார்த்த பல்

மெழுகு எரியும் வாசம் இன்று காலை மறுபடியும் என் கடையில் எழுந்தது. நீ போன பிறகு நான் வார்க்கும் முதல் தங்கப் பல், யாரோ ஒரு வாத்தியாருக்கு. சாந்துக்குள் புதைத்த மெழுகுப் பல் எரிந்து தீர்ந்து, அச்சு சிவக்கும்வரை கதிரையில் சும்மா இருந்தேன். அழுகை வரவில்லை. பசிகூட வரவில்லை.

உன் கடைவாய்ப் பல்லுக்கு முதலில் செய்த உறை நினைவிருக்கிறதா? ஆவி முறையில் வார்த்தேன். உருகிய தங்கத்தின் மேல் ஈரக் களிமண் அடைத்த மூடியை அழுத்தினால், எழும் ஆவி தங்கத்தை அச்சுக்குள் தள்ளும். அன்று சரியாகத் தள்ளவில்லை, விளிம்பு மழுங்கிப்போயிற்று. அச்சுக்குச் சூடும் போதவில்லை. தங்கம் ஆறிச் சுருங்கியதில் உறை உன் பல்லில் பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே அராவினேன். இறங்கியது, ஆனால் ஆடியது. பிறகொரு நாள் முள்ளியவளையிலிருந்து சைக்கிள் உழக்கி வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

"மச்சான், நீ வைச்ச பல்லு சோத்துக்குள்ளை கிடந்தது. நல்ல காலம், விழுங்கேல்லை."

இனிச் சுற்றி வார்ப்பதுதான் வழி என்றேன். அச்சைச் சங்கிலித் தூக்கில் வைத்து வேகமாகச் சுழற்றினால் தங்கம் விளிம்பின் நுனிவரை ஓடும். நன்றாகச் சிவக்கவிட்டால் அச்சும் விரிந்து, தங்கம் சுருங்குவதை ஈடுகட்டும். எல்லாம் தெரியும், சுற்றத்தான் எனக்குப் பயம். நீ சாரத்தை மடித்துக் கட்டினாய்.

"வயலிலை கிளி கலைக்கக் கவண் சுத்திற கை. தா இஞ்சை."

கடைக்குப் பின்னால், வெறும் வளவில் நின்று உன் பல்லை நீயே சுற்றினாய். இடையில் நிறுத்தினால் தங்கம் வெளியே கொட்டிவிடும் என்று சொல்லிவைத்திருந்தேன். "போதுமே?" என்று கேட்டுக் கேட்டுச் சுற்றினாய். நான் "இன்னும்" என்றேன். கடைசி "இன்னும்" எல்லாம் தங்கம் இறுகிவிட்டது தெரிந்தும் வேண்டுமென்றே சொன்னவைதான்.

அந்த உறை அப்படியே போய் உட்கார்ந்தது. விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தேன். தங்கம் முடியும் இடம் தட்டுப்படவில்லை. அதன் பிறகு யாருக்குப் பல் வார்த்தாலும் நீதான் வந்து சுற்றித் தந்தாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று, குளிப்பாட்டி, மோதிரத்தைக் கழற்றிய பிறகு உன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தங்கம் உடம்போடை போகப்படாது. நீர் வைச்ச பல்லுத்தானே, நீரே கழட்டும்."

இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. கடையிலிருந்து தங்கம் அறுக்கிற சின்ன வாளைக் கொண்டுவந்தால் உறையை அறுத்து எடுக்கலாம். அதைச் சொல்ல வாயெடுத்தபோது உன் மனைவி என்னைப் பார்த்தார்.

"விடுங்கோ அண்ணை. அது அவரின்ரை பல்லு."

பெரியப்பா விலகிப் போனார். நான் போய்க் கை கழுவினேன். அவ்வளவு இறுக்கமாகப் பொருந்திய வேலை என் கையால் வேறு நடந்ததில்லை. பெருமை வரவில்லை. வேறெதுவும் வரவில்லை.

இன்று தங்கம் உருகியதும் வளவில் இறங்கி நானே சுற்றினேன். தோள் வலித்தது. தங்கம் எப்போதோ இறுகியிருக்கும். "போதுமே?" என்று கேட்க ஆளில்லை. நான் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.