டிக்கெட் கவுண்டரில் வெர்னா

ஜனவரி 14, 1957

இன்று முழுக்கக் காபி. வெல்பி காபி விளம்பரத்துக்காக ஒரே கோப்பையைத் தூக்கித் தூக்கி முகர்ந்து, "ஆகா, இதுதான் காலை!" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காபி எப்போதோ ஆறிவிட்டது. ஆவி தெரிய வேண்டுமென்று மேசைக்கு அடியில் ஒருவன் குந்திக்கொண்டு சிகரெட் புகையை ஊதினான். ஒரு காலத்தில் என் முகத்தில் நிழல் விழுந்தால் விளக்குக்காரனுக்குத் திட்டு விழும். இப்போது கோப்பையில் நிழல் விழக் கூடாதாம், நான் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டுமாம். நின்றேன்.

ராய் ஆல்டன் என்ற என் பெயரே ஸ்டுடியோ வைத்ததுதான். அன்டோன் கோவாரிக் என்ற சொந்தப் பெயர் போஸ்டரில் எடுபடாது என்றார்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியே அனுப்பியபோது பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த மட்டும் நல்லது.

ஜனவரி 18

ஏஜென்ட் மெர்வின் போன் செய்தான். தொலைக்காட்சியில் வாராவாரம் வரப்போகும் ஆஸ்பத்திரித் தொடரில் வயதான டாக்டர் வேடம். முதலில் நேரடியாக ஒளிபரப்பாகும் ஒரு நாடகத்தில் நடித்துக் காட்ட வேண்டும்.

"ராசா, இது மட்டும் கெடச்சா அஞ்சு வருஷத்துக்கு உனக்குக் கவலையில்ல. பழைய வீம்பையெல்லாம் வீட்டுலயே வச்சுட்டு வா."

வீம்பா? காபிக்கு வழிவிட்டவன் நான்.

ஜனவரி 27

செய்தித்தாளில் பார்த்தேன். ஸ்டுடியோ தன் பழைய படங்களைக் கட்டுக்கட்டாகத் தொலைக்காட்சிக்கு விற்றுவிட்டது. வரும் சனிக்கிழமை மதியம் நான் நடித்த அந்த ரயில் படம்.

அதில் வெர்னா இருக்கிறாள். டிக்கெட் கவுண்டர் பெண். நான் ரயிலைத் தவறவிட்டு ஓடி வருவேன். கம்பிக்குப் பின்னாலிருந்து, "கடைசி ரயில் போயிடுச்சே சார். உக்காருங்க. நான் இங்கதான் இருப்பேன்" என்பாள். எந்தப் படத்திலும் அவள் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான். மறு வருடம் எங்களுக்குக் கல்யாணம். எங்கள் மகள் நோராவுக்கு ஒரு வயதானபோது நிமோனியாவில் போய்விட்டாள்.

நோராவிடம் அம்மாவின் புகைப்படங்கள் இருக்கின்றன, ஒரு தொப்பி இருக்கிறது. குரல் இல்லை. அந்தப் படத்தை ஒரே ஒரு முறை போட்டுக் காட்டுங்கள் என்று ஸ்டுடியோவிடம் கெஞ்சியிருக்கிறேன். கிடங்கைத் திறக்க முடியாது என்றுவிட்டார்கள்.

நோராவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அம்மா பேசுவாங்களா அப்பா?"

"பேசுவாம்மா."

"நல்லா கேக்குமா?"

எத்தனை வருடமாக அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திட்டியிருப்பேன்! இன்று அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிப்ரவரி 1

முடி வெட்டிக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

பிப்ரவரி 2

நோரா வீட்டில் பார்த்தோம். ஏழு மாத வயிற்றோடு பெட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் திரையில் வந்ததும் மாப்பிள்ளை ஹால், "சார், எவ்ளோ முடி!" என்றான். சிரித்தோம்.

ரயில் நிலையக் காட்சி வந்தது. பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். ரயில் போய்விட்டது. கவுண்டர் பக்கம் திரும்புகிறேன். "இப்பதான்!" என்று நோராவிடம் சொன்னேன். நோரா சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்.

"ஆகா, இதுதான் காலை!"

கோப்பையும் கையுமாக நான். வீடே அதிர்ந்தது. விளம்பரம் முடிந்தபோது படத்தில் மறுநாள் காலை, ரயிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

"இனிமேதானே அப்பா வரும்?" என்று கேட்டாள் என் மகள்.

ஐயோ, என் மூஞ்சிதானே அது! என் மூஞ்சியே வந்து அவளை மறைச்சுடுச்சே!

பிப்ரவரி 4

தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனேன். படங்களை வெட்டுகிறவள் ஒரு பெண், மிஸ் டுகன். மரியாதையாகத்தான் பேசினாள்.

"விளம்பரத்துக்கு இடம் வேணும் சார். அந்தப் பொண்ணு வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறா. கதைக்கு அது தேவைப்படல."

வெட்டிய துண்டு குப்பையோடு போய்விட்டது. ஸ்டுடியோவின் மூலப் பிரதி கெட்டுப்போய் எரித்துவிட்டார்களாம். இருந்தது இந்த ஒன்றுதான்.

அந்தப் பெண் யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன? கிளம்பும்போது, "எங்கம்மாவுக்கு உங்க காபி விளம்பரம்னா உயிரு சார்" என்றாள். அம்மாவுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21

நேரடி நாடகம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருக்கும் பெண்ணிடம், "வீட்டுக்குப் போம்மா, ஏதாவதுன்னா கூப்பிடுறேன்" என்று நான் சொல்ல வேண்டும். அவள் பக்கத்து செட்டில் இருக்கும் வீட்டுக்குப் போவாள். ஒத்திகையில் ஒழுங்காகத்தான் சொன்னேன்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. நோரா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். படத்தை வெட்டலாம். இதை எவன் வெட்டுவான்?

"உக்காருங்க" என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."

பாவம், அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கேமரா காலி வீட்டைக் காட்டியது. சோபாவில் செட் போடும் தச்சன் ஒருவன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். ஊரே பார்த்தது. முடிந்ததும் டைரக்டர் என் பக்கம் வரவே இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. நோரா அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா இப்படித்தான் சொன்னாங்களா?"

"அப்படியேதாம்மா."

பொய். அன்று ரயில் படத்தின் டைரக்டர் வெர்னாவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒரு தடவை பயந்து சொன்னாள், ஒரு தடவை சிரித்துவிட்டாள். எதைப் படத்தில் வைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அவள் குரலை நினைத்துப் பார்த்தால் என் குரல்தான் கேட்கிறது. எத்தனை வருடமாக இப்படி? அவளை எப்போது தொலைத்தேன்?

மார்ச் 1

டாக்டர் வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. "வீட்டுல வச்சுட்டு வான்னேனே!" என்று மெர்வின் கத்தினான். வீம்பு இல்லைடா அது என்றேன். வேறென்ன என்று கேட்டான்.

மார்ச் 20

காபி.

மே 19

நோராவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. நல்ல தொண்டை. மதியம் நான் போனபோது அழுகை தெருவரைக்கும் கேட்டது. நோரா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். இருப்பேன் என்பதை இழுத்து, முடிவில் குரலைக் கொஞ்சம் இறக்கினாள். அது டாக்டர் வேடத்துக்காக நான் வைத்த இறக்கம்.

"எங்கம்மா இப்படித்தான் சொல்வாங்களாம்" என்று ஹாலிடம் சொன்னாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வெர்னா சிகாகோக்காரி, எதையும் படபடவென்று சொல்பவள். இழுத்துப் பேசவே மாட்டாள். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆமாம் என்று தலையாட்டினேன். குழந்தை தூங்கிவிட்டது.